மரபணுச் சீட்டு ஜாதகம் அல்ல!

மல்லசமுத்திரத்தில் பருத்தி ஏலம் நடக்கும் நாளில், மூட்டையை இறக்கிவிட்டு விலை படிகிற வரையில் குடியானவர்கள் கூடிப் பேசிக்கொண்டிருப்பது வழக்கம். மழை, பருத்தி விலை, பிள்ளைகளின் படிப்பு, ரிக் வண்டியோடு வடக்கே போன மகன் என்று பேச்சு இந்த நான்கையும் சுற்றித்தான் வரும். இப்போது ஐந்தாவதாக ஒன்று சேர்ந்துகொண்டிருக்கிறது. அது ஆஸ்பத்திரிச் சோதனைச் சீட்டு.

அந்த வட்டாரத்தில் இப்படி ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். மகளும் மருமகனும் மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறார்கள். மருமகனுக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டும் தொழில். அவர்களுடைய ஒன்பது வயதுப் பெண் நாளுக்கு நாள் வெளிறி, இளைத்து, வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாமல் போகவே, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். 'சீலியாக்' என்ற வியாதி, இனி ஆயுள் முழுவதும் கோதுமையைத் தொடக்கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அவளுடைய தம்பி மல்லசமுத்திரத்தில் அப்புச்சி, அம்மாயி வீட்டில் தங்கிப் படிக்கிறான். செய்தி வந்த அன்று இரவே அப்புச்சி போனில் கூப்பிடுகிறார்.

"ஏனம்மிணி, பையனுக்கும் அந்த ஜீன் சோதனையைப் பண்ணிப் போடலாமா? கோதுமையை இப்பவே நிறுத்திப் போட்டா நல்லதுதானே?"

பாசத்தினால் கேட்கிற கேள்விகள்தாம். ஆயினும் முதல் கேள்விக்குச் சரியான பதில், "அவசரம் வேண்டாம்" என்பது. இரண்டாவது கேள்விக்குப் பதில், "கூடவே கூடாது" என்பது. இந்த இரண்டு பதில்களின் காரணத்தையும் அறிந்துகொள்ளாமல் எத்தனையோ குடும்பங்கள் பணத்தையும் நிம்மதியையும் இழக்கின்றன.

கோதுமை செய்யும் கலகம்

பரோட்டா மாஸ்டர் மாவை விசிறி வீசுகிறார். அது கிழியாமல் துணிபோல் விரிகிறது. கேழ்வரகு மாவை அப்படி வீச முடியுமா? தட்டும்போதே ஓரம் விண்டுபோகும். கோதுமைக்கு அந்த இழுவையைக் கொடுப்பது 'குளூட்டன்' என்ற புரதம். கோதுமையிலும், அதன் இனத்தைச் சேர்ந்த பார்லி, ரை ஆகிய தானியங்களிலும் இந்த வகைப் புரதம் உண்டு. அரிசி, கம்பு, சோளம், கேழ்வரகு, தினை, சாமை இவற்றில் இல்லை.

சிறுகுடலின் உட்சுவரில் வெல்வெட்டுத் துணியின் மயிர்போல நுண்ணிய விரல்கள் அடர்ந்து நிற்கின்றன. சாப்பாட்டின் சத்தை உறிஞ்சி இரத்தத்தில் சேர்ப்பவை அவையே. சீலியாக் வியாதி உள்ளவருக்கு, குளூட்டன் உள்ளே போனதும் உடம்பின் காவற்படை அதைப் பகைவனாக எண்ணிப் போர் தொடுக்கிறது. அந்தப் போரில் அடிபடுவது குளூட்டன் அல்ல, குடலின் விரல்கள்தாம். அவை தேய்ந்து மொட்டையாகிவிட்டால், எவ்வளவு சாப்பிட்டாலும் சத்து ஒட்டாது.

சில குழந்தைகளுக்கு ஓயாத வயிற்றுப்போக்கும் உப்பிய வயிறும் காணும். சிலருக்கு வளர்த்தி நின்றுவிடும். பெரியவர்களில் பலருக்கு வயிற்றில் ஒரு தொந்தரவும் இராது. இரும்புச் சத்து மாத்திரைக்கு மசியாத சோகை மட்டும் இருக்கும். எலும்பு பலவீனப்படலாம், கரு தங்காமலும் போகலாம். இதைத் தீர்க்கும் மருந்து இன்றுவரை இல்லை. குளூட்டனை அறவே விலக்குவதுதான் வைத்தியம். விலக்கினால் பெரும்பாலோருக்குக் குடல் மெல்லத் தேறிவிடுகிறது.

கோதுமைதான் காரணம் என்பதை நிலைநாட்டியவர் ஹாலந்து நாட்டுக் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கே. ரொட்டியை நிறுத்தினால் சில குழந்தைகள் தேறுவதை அவர் 1930-களிலேயே கவனித்திருந்தார். இரண்டாம் உலக யுத்தத்தின் முடிவில், 1944-45 பனிக்காலத்தில் ஹாலந்தில் கொடிய பஞ்சம் வந்தது. ஊரே பட்டினி கிடந்தபோது, ரொட்டி கிடைக்காத இந்த நோயாளிக் குழந்தைகளின் நிலை மோசமாகவில்லை. ரொட்டி திரும்பி வந்ததும் வியாதியும் திரும்பியது. 1950-இல் தமது ஆராய்ச்சி நூலில் இந்த உண்மையை அவர் எடுத்துவைத்தார்.

ஜீனின் வேலை என்ன?

கோதுமையை உலகமே சாப்பிடுகிறது. வியாதி மட்டும் ஏன் சிலருக்கு வருகிறது? இங்கேதான் மரபணு, அதாவது ஜீன், குறுக்கிடுகிறது.

மனித உடம்பின் ஆறாவது குரோமோசோமில் 'எச்.எல்.ஏ.' என்ற ஜீன் கூட்டம் இருக்கிறது. உள்ளே வந்த பொருளின் துணுக்குகளை ஏந்திக் காவற்படைக்குக் காட்டும் தட்டுகளைச் செய்வது இதன் வேலை. தட்டுகளில் பல தினுசு உண்டு. டி.க்யூ.2, டி.க்யூ.8 என்ற இரண்டு தினுசுகளில் மட்டும் குளூட்டன் துணுக்கு கச்சிதமாகப் பொருந்தி உட்காருகிறது. டி.க்யூ.2-வுக்கும் இந்த வியாதிக்கும் உள்ள தொடர்பை 1989-இல் நார்வே விஞ்ஞானி லுட்விக் சோலிட்டும் அவருடைய சகாக்களும் துல்லியமாகச் சுட்டிக்காட்டினார்கள். சீலியாக் நோயாளிகளில் ஏறக்குறைய எல்லோரிடமும் இந்த இரண்டில் ஒன்றாவது இருக்கிறது.

இதை வைத்துத்தான் ஜீன் சோதனை நடக்கிறது. கொஞ்சம் இரத்தம் எடுக்கலாம். அல்லது கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து அனுப்பினாலும் போதும். ஜீன் மாறுவதில்லையாகையால் ஆயுளில் ஒரு தடவை பார்த்தால் போதுமானது. சில நாளில் சீட்டு வரும். அதில் 'பாசிடிவ்' என்று அச்சடித்திருந்தால் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது.

நோயாளிகள் எல்லோரிடமும் அந்த ஜீன் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த ஜீன் உள்ளவர்கள் எல்லோரும் நோயாளிகளா? இந்தக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. இதற்குப் பதிலை இந்தியாவிலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

வடக்கும் தெற்கும்

டில்லி எய்ம்ஸ், வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி முதலிய நிலையங்களைச் சேர்ந்த டாக்டர்கள் வட இந்தியா, வடகிழக்கு, தென்னிந்தியா என மூன்று பகுதிகளில் 23,331 பெரியவர்களைச் சோதித்தார்கள். டாக்டர் பி. எஸ். ராமகிருஷ்ணாவை முதல் ஆசிரியராகக் கொண்ட இந்த ஆராய்ச்சி 2016-இல் வெளியாயிற்று.

முதலில் ஜீன் கணக்கு. டி.க்யூ.2 அல்லது டி.க்யூ.8 உள்ளவர்கள் வடக்கே 100-க்கு 38.1, வடகிழக்கில் 31.4, தெற்கே 36.4. வடக்கத்தியாருக்கும் தென்னாட்டாருக்கும் இதில் பெரிய வித்தியாசமே இல்லை.

அடுத்தது வியாதிக் கணக்கு. வடக்கே 1,000 பேருக்கு 8.53, வடகிழக்கில் 4.66, தெற்கே 0.11.

இதைச் சந்தைக் கணக்காகப் போட்டால் இன்னும் நன்றாக விளங்கும். வடக்கே 10,000 பேரை நிறுத்தினால் 3,810 பேரிடம் அந்த ஜீன் இருக்கும். வியாதி உள்ளவர்கள் சுமார் 85 பேர். தெற்கே 10,000 பேரை நிறுத்தினால் 3,640 பேரிடம் ஜீன். வியாதி உள்ளவர் ஒரே ஒருவர்! ஆக, தென்னாட்டில் அந்தச் சீட்டில் 'பாசிடிவ்' என்று வாங்குகிற 3,640 பேரில் 3,639 பேர் கவலைப்பட்டது வீண்.

இத்தனை வித்தியாசம் ஏன்? அதே ஆராய்ச்சியில் ஒருவர் நாளொன்றுக்குச் சாப்பிடும் கோதுமையையும் கணக்கெடுத்தார்கள். வடக்கே சராசரி 455 கிராம்; தெற்கே 25 கிராம். விதை ஒன்றாக இருந்தாலும் மண்ணும் மழையும் வேறு. ஆனால் கோதுமையோடு கதை முடிந்துவிடவில்லை. வடகிழக்கில் சாப்பிடுவதும் 37 கிராம்தான். அங்கே வியாதி தெற்கைவிடப் பல மடங்கு. ஆகவே ஜீனும் கோதுமையும் போக வேறு காரணங்களும் இருந்தாக வேண்டும். எல்லாம் ஜீனில் எழுதியிருக்கிறது என்று சொல்கிறவர்களுக்கு இந்த ஆராய்ச்சி நல்ல பதில்.

'இல்லை' என்றால் இல்லை

அப்படியானால் அந்தச் சோதனையால் பிரயோசனமே இல்லையா? உண்டு. அதன் பலம் 'உண்டு' என்று சொல்லும்போது அல்ல, 'இல்லை' என்று சொல்லும்போதுதான்.

திருச்செங்கோட்டு வட்டாரத்துக்குக் கிணறு தோண்டும் தொழிலைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நீரோட்டம் பார்ப்பவர் 'இங்கே தண்ணீர் உண்டு' என்று குறித்துக் கொடுத்த இடத்தில் ஆயிரம் அடி இறக்கியும் வெறும் புழுதி வந்து, கடனாளியாக நின்றவர்கள் எத்தனை பேர்! 'உண்டு' என்ற சொல்லை நம்பி எவரும் நாற்று விட்டுவிடுவதில்லை. ஆனால் ஓரிடத்தில் தண்ணீர் இருக்கவே முடியாது என்று நிச்சயமாகச் சொல்லக்கூடிய கருவி ஒன்று கிடைத்தால், அந்த இடத்தில் யாராவது ரிக் வண்டியை நிறுத்துவார்களா? ஜீன் சோதனை அந்தக் கருவியைப் போன்றது. இரண்டு தினுசும் இல்லையென்று வந்துவிட்டால், அவருக்குச் சீலியாக் வியாதி இருப்பதும் இனி வருவதும் ஏறக்குறைய அசாத்தியம் என்று டாக்டர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள்.

எனவே இந்தச் சோதனை சிலருக்குத்தான் உபயோகம். வியாதி உள்ளவரின் உடன்பிறந்தார், பெற்றோர், பிள்ளைகள் ஒரு வகை. பல ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்ததில், இப்படிப்பட்ட நெருங்கிய உறவினரில் 100-க்கு ஏழெட்டுப் பேருக்கு வியாதி இருப்பது தெரிந்திருக்கிறது. அவர்களில் ஜீன் இல்லாதவரை அடையாளம் கண்டுவிட்டால், அடிக்கடி இரத்தம் எடுக்கும் தொல்லையிலிருந்து ஆயுளுக்கும் அவருக்கு விடுதலை. குழந்தைப் பருவத்திலேயே வரும் சர்க்கரை வியாதி, டவுன் சிண்ட்ரோம் முதலியவை உள்ள குழந்தைகள் இன்னொரு வகை. இரத்தச் சோதனை ஒன்றும் குடல் சோதனை வேறொன்றும் சொல்லி டாக்டர் திகைக்கும்போதும், நோயாளி முன்பே கோதுமையை நிறுத்திவிட்டபோதும் இது கைகொடுக்கும்.

ஊரில் சுகமாக இருக்கிற மற்றவர்கள், 'எதற்கும் பார்த்து வைப்போம்' என்று சில ஆயிரம் ரூபாயைக் கொட்டுவதில் அர்த்தமில்லை. விசைத்தறித் தொழிலாளியின் வீட்டில் சில ஆயிரம் என்பது சின்னத் தொகை அல்ல.

'வருமுன் காப்பது நல்லதாயிற்றே' என்று சிலர் கேட்கலாம். காக்கும் வழி இருந்தால் நல்லதுதான். ஜீன் அபாயம் உள்ள கைக்குழந்தைகளுக்குக் கோதுமையைச் சீக்கிரமே சிறிது சிறிதாகக் கொடுத்துப் பழக்கினால் தடுக்கலாமா என்று ஐரோப்பாவில் பல நாடுகளில் பார்த்தார்கள். தாமதமாக, ஒரு வயதுக்குப் பிறகு கொடுத்தால் தடுக்கலாமா என்று இத்தாலியில் பார்த்தார்கள். 2014-இல் இரண்டின் முடிவும் வெளியாயிற்று. இரண்டு வழியாலும் வியாதியைத் தடுக்க முடியவில்லை. செய்வதற்கு ஒன்றும் இல்லாத நிலையில் முன்கூட்டியே தெரிந்துகொண்டு பயப்படுவதால் யாருக்கு லாபம்?

முதலில் எது?

அப்புச்சியின் பேரனுக்கு ஆக வேண்டிய முதல் காரியம் வேறு. குடலில் அந்தப் போர் நடக்கிறதா என்று பார்க்கும் இரத்தச் சோதனை ஒன்று உண்டு. காவற்படை தவறாக எந்தப் பொருளைத் தாக்குகிறது என்பதை 1997-இல் ஜெர்மன் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அதன் பெயரைச் சுருக்கி 'டி.டி.ஜி. சோதனை' என்கிறார்கள். சிலருடைய இரத்தத்தில் 'ஐ.ஜி.ஏ.' என்ற காப்புப் புரதம் பிறவியிலேயே இராது. அவர்களுக்கு இந்தச் சோதனை தவறாக 'இல்லை' என்று காட்டும். ஆகையால் மொத்த ஐ.ஜி.ஏ. அளவையும் கூடவே பார்க்கச் சொல்வார்கள். சந்தேகம் வலுத்தால், வாய்வழியாகக் குழாய் செலுத்திச் சிறுகுடலில் துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள்.

ஜீன் சீட்டு, வியாதி வரக்கூடுமா என்பதை மட்டும் சொல்லும். இப்போது இருக்கிறதா என்பதைச் சொல்வது டி.டி.ஜி. சோதனை. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தக்கூடாது! நிறுத்தினால் போர் தணியும். இரத்தத்தில் தடயம் மறையும். வியாதி இருந்தாலும் சீட்டில் 'இல்லை' என்றே வரும். பிறகு உண்மையை அறிய, குழந்தைக்கு மீண்டும் பல வாரம் கோதுமை கொடுத்து, வேதனைப்படுத்தித்தான் பார்க்க வேண்டியிருக்கும். அதனால்தான் அப்புச்சியின் இரண்டாவது கேள்விக்குக் 'கூடவே கூடாது' என்பது பதில்.

இன்னொரு பக்கத்தையும் மறக்கலாகாது. 'இது வடக்கத்திக்காரர் வியாதி' என்று தென்னாட்டில் ஒரு எண்ணம் உண்டு. அபூர்வம் என்பது உண்மை. அறவே இல்லை என்பது பொய். கம்பும் சோளமும் கேழ்வரகுக் களியும் சாப்பிட்ட கொங்கு நாட்டில், 1960-களில் அமெரிக்கக் கோதுமை ரேஷன் கடை வழியாக வீட்டுக்குள் நுழைந்தது. இன்று சர்க்கரை வியாதிக்காரருக்கு இரவில் சப்பாத்தி, இளைஞருக்குப் பரோட்டா, குழந்தைக்கு பிஸ்கட். நாமக்கல் லாரி டிரைவரும் ரிக் தொழிலாளியும் மாதக்கணக்கில் வடக்கே ரொட்டி சாப்பிடுகிறார்கள். ஜீனோ 100-க்கு 36 பேரிடம் ஏற்கெனவே இருக்கிறது. வளராத குழந்தையையும் தீராத சோகையையும் பார்க்கும் டாக்டர், இந்த வியாதியையும் ஒரு தடவை நினைத்துப் பார்ப்பது அவசியம். டி.டி.ஜி. சோதனை மாவட்ட அளவில் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் குறைந்த செலவில் கிடைக்குமானால், அதைவிடப் பெரிய உபகாரம் இல்லை.

கல்யாணப் பேச்சில் ஜீன்

இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. பெண்ணின் ஜாதகத்தில் ஒரு கட்டம் சரியில்லை என்று கல்யாணம் நின்றுபோகிற நாட்டில், ஜீன் சீட்டும் இன்னொரு ஜாதகமாகிவிடக் கூடாதே!

'அந்தப் பெண்ணுக்கு ஏதோ ஜீன் இருக்கிறதாம்' என்று ஒரு சொல் கிளம்பினால் அதற்குக் கால் முளைக்க எத்தனை நேரம் ஆகும்? ஆனால் 100-க்கு 36 என்ற கணக்கை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும். பெண் பார்க்க வந்து ஜமக்காளத்தில் உட்கார்ந்திருக்கும் பத்துப் பேரில் மூன்று நான்கு பேரிடம் அதே ஜீன் இருக்கக்கூடும். மாப்பிள்ளையே அவர்களில் ஒருவராக இருக்கலாம்! இது ஊனமும் அல்ல. குலத்துக்கு வந்த களங்கமும் அல்ல. இன்ஷூரன்ஸ் விஷயத்தில் டில்லி உயர் நீதிமன்றம் 2018-இல் இதே நியாயத்தைத்தான் வற்புறுத்தியது. பரம்பரைக் கோளாறு என்ற பொதுப் பெயரைச் சொல்லி வைத்தியச் செலவை மறுப்பது பாரபட்சம் என்று அது தீர்ப்பளித்தது. கோர்ட்டு ஒத்துக்கொள்ளாத பாரபட்சத்தைக் கல்யாணத் தரகர் செய்யலாமா?

சோதனைக் கம்பெனிகளுக்கும் ஒரு கடமை உண்டு. 'பாசிடிவ்' என்ற ஒற்றை வார்த்தையைத் தடித்த எழுத்தில் போட்டு அனுப்பிவிட்டுக் கைகழுவுவது நியாயமல்ல. 'இது வியாதி அல்ல; மூன்று பேரில் ஒருவருக்கு இருப்பது; கோதுமையை நிறுத்தாமல் டாக்டரைப் பாருங்கள்' என்று எளிய தமிழில் நான்கு வரி சேர்த்தால் காகிதம் ஒன்றும் தேய்ந்துவிடாது.

அஞ்சறைப் பெட்டியில் ஒரு எதிரி

வியாதி நிச்சயமான அந்தப் பெண் குழந்தை லீவுக்கு ஊருக்கு வருவாள். அவளுக்கு அம்மாயியின் சமையலறைதான் ஆஸ்பத்திரி. சோறு, களி, கம்பஞ்சோறு, அரிசி மாவு முறுக்கு என்று தென்னாட்டு உணவில் அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. கோதுமையை நம்பியிருக்கும் வடநாட்டுக் குழந்தையைவிட அவள் பாக்கியசாலி. ஆனால் எதிரி மறைந்திருக்கும் இடங்கள் சில உண்டு. கட்டிப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா மாவு கலந்திருக்கும். ரவையும் சேமியாவும் கோதுமையே. சத்து மாவில் வழக்கமாகக் கோதுமை சேரும். மால்ட் பானங்களில் பார்லி இருக்கும். கோதுமை அரைத்த கையோடு அதே மில்லில் கேழ்வரகை அரைத்தால் அதிலும் கோதுமை ஒட்டிக்கொள்ளும். 'குளூட்டன் இல்லாதது' என்று போட்டு விற்கும் பண்டத்தில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்து வாங்கும் பழக்கம் வேண்டும்.

இவ்வளவு கட்டுப்பாடும் வியாதி உள்ளவளுக்குத்தான். ஜீன் மட்டும் இருக்கிற தம்பிக்கு இது தேவையில்லை. அவன் வழக்கம்போல் சப்பாத்தி சாப்பிடட்டும். அடுத்த வாரம் டி.டி.ஜி. சோதனைக்கு இரத்தம் கொடுக்கட்டும். அது சரியாக இருந்தால், டாக்டர் வேண்டுமென்று சொன்னால், அதற்குப் பின் ஜீன் சோதனை. அதில் 'இல்லை' என்று வந்தால் அப்புச்சி அந்தக் கவலையை அன்றோடு விட்டுவிடலாம். 'உண்டு' என்று வந்தாலும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். பேரன் பள்ளிக்கூடம் போக வேண்டும். டாக்டர் சொல்லும் இடைவெளியில் இரத்தத்தைப் பார்த்துக்கொண்டு, அவனுடைய உயரத்தையும் எடையையும் ஒரு நோட்டில் குறித்து வந்தால் அதுவே போதும்.